படத்தில் வந்தவர்களுக்கு இலை போட்ட ஊர்

வாருங்கள் மக்களே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வாசற்படியில் நிற்கிறவர்களும் உள்ளே வந்துவிடுங்கள். பிள்ளையை மடியில் போட்டிருக்கிறவள் சுவரில் சாய்ந்துகொள்ளட்டும். ஒரு கதை சொல்கிறேன், கண்ணுக்கும் வயிற்றுக்குமான கதை. கேட்டு முடிக்கையில் பசித்தால் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

சேரன்மகாதேவிக்கு மேற்கே தாமிரபரணிக் கரையில் மருதங்கரை என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஒரு நாள், பயாஸ்கோப்புப் படத்துக்குள் இருந்த வெள்ளைக்காரர்கள் துணியை விட்டு இறங்கி வந்து, பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொதி ஊற்றிச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். திருநெல்வேலியிலிருந்து கொல்லத்துக்கு ரயில் விட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் கார் நெல் சுமார், பிசான நெல் பரவாயில்லை, வாழை அமோகம். ஆகவே இலைக்குத் தட்டுப்பாடு இல்லை.

மருதங்கரைக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஊருக்குள் கால் வைத்தவர் யாராக இருந்தாலும் ஊர்ச்சோறு சாப்பிடாமல் எல்லை தாண்டக் கூடாது. பண்ணையார் ஆவுடைநாயகம் பிள்ளை வீட்டிலிருந்து வெற்றிலைத் தட்டு போகும். தட்டைத் தொட்டவருக்கு இலை விழும். நிலம் அளக்க வந்த துரை சாப்பிட்டார். ஜப்தி செய்ய வந்த அமீனா சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடியே ஜப்தி செய்தார். வழி தவறி வந்த கரடிக்காரனுக்கு ஒரு இலை, கரடிக்கு ஒரு இலை. பசியோடு போகிறவர் பின்னாலேயே ஊர்த் தண்ணீரும் போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

இந்தச் சோற்றை ஆக்கிவந்தவர் தில்லைநாயகம் பிள்ளை. கல்யாணச் சமையல் செய்கிறவரை அந்தப் பக்கம் தவசுப்பிள்ளை என்பார்கள். அவர் பேர்பெற்ற தவசுப்பிள்ளை. தன் தகப்பனார் இறந்த செய்தி வந்தபோது அவர் ஒரு வீட்டில் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தார். ஆள் வந்து காதோரம் சொன்னான். அவர் திரும்பவில்லை. களி உருண்டு பாத்திரத்தை விட்டு விலகிய பிறகுதான் துடுப்பைக் கீழே வைத்து, கையைக் கழுவி, வாய்விட்டு அழுதுகொண்டே வயல் வழியாக ஓடினார். அடுப்பில் கை இருக்கும்போது காது கிடையாது என்பது அவர் சொல். அப்படிப்பட்டவர் ஒரு தை மாதம் கொழும்பில் நம்மூர் வியாபாரிகள் தங்கும் மடத்துக்குச் சமைக்கக் கப்பலேறினார். முதல் வருஷம் வந்துபோகிறவர்களிடம் நலம் சொல்லி அனுப்பினார். அடுத்த வருஷம் அவரைப் பார்த்தவரைப் பார்த்ததாக ஒருவர் வந்தார். பிறகு அதுவும் இல்லை. வீட்டில் மிஞ்சியது அவர் மனைவி உலகம்மாள், அவர் அம்மா பிரம்மநாயகி, வாய் அகன்ற உருளி ஒன்று, ஆளுயரத் துடுப்பு ஒன்று. உலகம்மாள் துடுப்பைக் கையில் எடுத்தாள். பெண்பிள்ளை பந்திக்குச் சமைப்பதா என்று ஊர் பேசியது. அவள் வைத்த சொதியைச் சாப்பிட்ட பிறகு வேறு விஷயம் பேசியது. சொதி என்பது தேங்காய்ப்பாலில் வைப்பது. கிண்டுகிற கை கொஞ்சம் அசந்தாலும் திரிந்துவிடும். அவள் கையில் திரிந்ததில்லை. பிரம்மநாயகி தினமும் பானையில் மகனுக்கென்று ஒரு பிடி சோறு மிச்சம் வைப்பாள். காலையில் அது பசுவுக்குப் போகும். பசு நன்றாகக் கொழுத்திருந்தது.

பயாஸ்கோப்புப் பெட்டியைக் கொண்டுவந்தவர் பாளையங்கோட்டை சாலமோன். உபதேசியார் மகன். மிஷன் பள்ளியில் படித்து, கிடைத்த உத்தியோகத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குற்றாலத்துக்கு இளைப்பாற வந்த ஒரு துரை விட்டுப்போன அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்தார். கூடவே அவர் மனைவி ஞானசௌந்தரி, ஆர்மோனியத்தோடு. ஆற்றங்கரையில் இரண்டு மருத மரங்களுக்கு நடுவே வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த துணியைக் கட்டினார்கள். இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வசதியாகத் துணியைத் தண்ணீர் தெளித்து நனைத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் சாலமோன் கைப்பிடியைச் சுற்றினார். துணியில் ஏதோ ஒரு சீமைத் துறைமுகம் வந்தது. கப்பலிலிருந்து பலகை இறங்கியது. தொப்பிக்காரர்கள், குடைக்காரிகள், கைக்குழந்தையோடு ஒருத்தி என்று எல்லாரும் இறங்கி, ஊரைப் பார்த்து நேரே நடந்து வந்து, துணியின் ஓரத்தில் மறைந்துபோனார்கள். அவ்வளவுதான் படம்.

ஊர் கைதட்டவில்லை. பண்ணையார் செருமிக்கொண்டு, வந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்டார். படம் முடிந்துவிட்டது அண்ணாச்சி என்றார் சாலமோன். முடிந்தால் சாப்பாட்டுக்கு எங்கே போவார்கள் என்று பண்ணையார் கேட்டார். சாலமோன் படித்தவர், வெளிச்சம் என்றால் என்ன, சுருள் என்றால் என்ன, கண் எப்படி ஏமாறுகிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஊரும் அதே பொறுமையோடு கேட்டது. கடைசியில் பிரம்மநாயகிதான் வாயைத் திறந்தாள்.

“எல்லாஞ் சரிதான் ஐயா. அந்தக் கைப்பிள்ளைக்காரி கப்பலை விட்டு எறங்கி எம்புட்டு நேரமாச்சு? பிள்ளைக்குச் செத்த பாலாவது குடுத்தீரா?”

மிஷன் பள்ளியில் சொல்லித் தராத கேள்வி அது. சாலமோன் மறுநாளும் சுற்றிக் காட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

மறுநாள் உலகம்மாள் உலை வைத்தாள். வருகிறவர்கள் காரம் தாங்கமாட்டார்கள் என்று சொதியும், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் செய்தாள். துணிக்கு முன்னால் பாய் விரித்து இலை போட்டார்கள். பண்ணையார் வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் துணிக்கு நேராக நீட்டினார். சாலமோன் சுற்றினார். முதலில் வந்த தொப்பிக்காரர் ஓரம் வரை வந்து, தட்டைப் பார்த்துத் தயங்கி, ஒரு வெற்றிலையைத் தொட்டுவிட்டு மணலில் கால் வைத்தார். பின்னாலேயே மற்றவர்கள் இறங்கினார்கள். எல்லாரும் சாம்பல் நிறம். உடம்பில் துணியின் ஈரம். ஒருவருக்கும் குரல் இல்லை. சாம்பல் நிறத்தில் யார் என்ன சாதி என்று பிரிக்க வழியில்லாததால் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார்கள். பிரம்மநாயகி குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டினாள். அவர்கள் சாப்பிட்டு முடிகிற வரைக்கும் துணியில் வெறும் கடல்தான் அசைந்துகொண்டிருந்தது. ஆற்றில் கை கழுவிவிட்டு, வந்த வழியே ஏறி, ஓரத்தைத் தாண்டிப் போனார்கள். நம் பக்கத்தில் சாப்பிட்டவர் இலையைத் தன் பக்கமாக மடக்கினால் வயிறு நிறைந்தது என்று அர்த்தம், மடக்காவிட்டால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். அவர்கள் மடக்கவில்லை. தெரியாதவர்கள்தானே என்று ஊர் விட்டுவிட்டது. வேறு எந்த ஊரிலும் இப்படி நடந்ததில்லையே என்று சாலமோன் வியர்வையைத் துடைத்தபோது, வேறு எந்த ஊரிலாவது கூப்பிட்டார்களா என்று பண்ணையார் கேட்டார்.

உருளியைக் கழுவிக் கவிழ்த்த பிறகு உலகம்மாள் சாலமோனிடம் வந்து நின்றாள். அந்தக் கைப்பிள்ளைக்காரி துணிக்குள் வருவதற்கு முன்னால் எங்கே இருந்தாள் என்று கேட்டாள். படத்தில் இல்லை, வெளியே இருந்திருப்பாள் என்றார் அவர். எது உள்ளே, எது வெளியே என்று யார் முடிவு செய்தது என்றாள். பெட்டியைச் சுற்றினவன்தான் என்றார்.

“தொடக்கம் எங்க, முடிவு எங்க, எல்லாம் அவந்தானா அண்ணாச்சி?”

“அவந்தான். அவன் வச்சதுதான் ஓரம்.”

அன்றைக்கு அவள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. அவள் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

படம் காட்டுவதும் படம் பிடிப்பதும் ஒரே பெட்டிதான்; பகலில் வாங்கிக்கொள்ளும், அந்தியில் திருப்பிக் கொடுக்கும். மறுநாள் சாலமோன் பெட்டியை ஆற்றைப் பார்க்க வைத்து, பின்பக்கத்தைத் திறந்து, அவளைக் கண் வைக்கச் சொன்னார். உள்ளே தாமிரபரணி தலைகீழாக ஓடியது. எருமை ஒன்று வானத்தில் கால் பதித்து நீர் குடித்தது. தினமும் பார்க்கிற படித்துறைதான், தினமும் பார்க்கிற எருமைதான். ஆனால் நான்கு பக்கமும் ஓரம் வைத்துப் பார்த்ததும், இத்தனை நாளும் தான் எதையும் பார்த்ததே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். சாலமோன் கை வெட்டி வெட்டிச் சுற்றும். அவர் பிடித்த படங்களில் மனுஷர்கள் கோழி மாதிரி நடப்பார்கள். இவள் சுற்றியபோது மனுஷர் மனுஷராக நடந்தார்கள், எருமை எருமையாக நடந்தது. களி கிண்டின கைதானே. அன்றிலிருந்து, உருளிக்கு முன்னால் நிற்கும்போதும் அவள் கை துடுப்பைப் பிடிக்கவில்லை. கைப்பிடியைத் தேடிக் காற்றில் வட்டம் போட்டது. எதைக் கேட்டாலும் ஒரு நொடி கழித்துத்தான் பதில் சொன்னாள். ஏக்கம் பிடித்தவர்களின் காது கொஞ்சம் தூரத்தில் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா.

அதை முதலில் கண்டுகொண்டது மாமியார்தான்.

“ஏளா, அந்தப் பெட்டி தூத்துக்குடிக்குப் போவுமா?”

“போவும் அத்தை.”

“கொழும்புத் தோணி எறங்குத எடத்துல நின்னு சுத்துனா, எறங்குதவன் எல்லாம் அதுக்குள்ள வந்துருவானா?”

“வந்துருவாவ.”

“அப்பொ போ. கண்டவனுக்கெல்லாம் எறங்கி வந்து சாப்பிடத் தெரியுது, எம்மவனுக்குத் தெரியாதா? அவன் வாரவரைக்கும் சுத்து. வந்துட்டாம்னா பெட்டியை விட்டுட்டு அடுப்புக்கு வந்துரணும். இப்பமே சொல்லிட்டேன்.”

உலகம்மாள் சரி என்றாள். சரி என்று சொன்ன வாய் உலரும் முன்பே, வந்துவிட்டால் பெட்டியை விடவேண்டுமே என்று அவள் கை காற்றில் ஒரு வட்டம் போட்டது. பெட்டிக்காரர்களோடு ஊர் ஊராகக் கிளம்பினாள். ஞானசௌந்தரி கூட இருப்பதால் ஊரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியே வருஷங்கள் போயின. பாளையங்கோட்டையில் வாத்திமார்களும் குமாஸ்தாக்களும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கைதட்டிக் கலைந்தார்கள். கூப்பிட யாருமில்லாததால் படத்திலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. உவரியில் மீன்பிடிக்கிறவர்கள் படத்துக் கப்பலைப் பார்த்து, நங்கூரம் போட்ட லட்சணத்தைப் பார் என்று ஏசினார்கள். மறுநாள் காட்சியில் கப்பல் நங்கூரத்தை ஒழுங்காகப் போட்டிருந்தது. உலகம்மாள் ஆற்று வெள்ளத்தைப் படம் பிடித்தாள். அதைக் காட்டிய ஊர்களில் முன்வரிசைக்காரர்கள் முழங்கால் வரை நனைந்து வீட்டுக்குப் போனார்கள். பிடித்த சுருளை மருந்துத் தண்ணீரில் முக்கி, தாமிரபரணியில் அலசி, வடகத்துணி மாதிரி கொடியில் உலர்த்துவாள். கிணற்றுத் தண்ணீரில் அலசினால் படத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள்.

தூத்துக்குடிக்குப் போவதைத்தான் அவள் விடவில்லை. அங்கே கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. தூரத்தில் நின்றுகொள்ளும், தோணிகள்தான் ஆட்களைக் கடலுக்குள் நீண்டிருக்கும் பலகைப் பாலத்துக்குக் கொண்டுவரும். அவள் பாலத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்பாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்புகிறவர்கள், கடை நொடித்துப்போனவர்கள், காய்ச்சல்காரர்கள், பிள்ளை பெற்றுக்கொண்டு வருகிறவர்கள், எல்லாரும் அவள் ஓரத்துக்குள் நடந்து வந்து ஓரத்தைத் தாண்டிப் போனார்கள். பிறகு மருதங்கரையில் அவர்களைச் சுற்றிக் காட்டும்போது இறங்கி வந்து சாப்பிட்டார்கள். ஊர் அதற்குப் பழகிவிட்டது. தோணிக்காரங்க வந்தாச்சு, இலை போடு என்பார்கள். பிரம்மநாயகி மோர்ச்செம்போடு ஒவ்வொரு முகத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டு போவாள். இவன் இல்லை, இவன் இல்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் மோர் ஊற்றுவாள். முக்கூடல் மாரித்தாயின் மகன், தோணி இறங்கி ஊர் வந்து சேர்வதற்குள் வாந்திபேதியில் போய்விட்டவன், அவனும் ஒரு சுருளில் இருந்தான். மாரித்தாய் அமாவாசைதோறும் நடந்து வருவாள். அவன் இறங்கி வந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, அவன் மடக்கிப் போட்ட இலையை எடுத்துக்கொண்டு போவாள்.

இதையெல்லாம் செய்யச் செய்ய உலகம்மாளுக்கு வேலை ருசித்தது. பெட்டியை நேராக வைக்காமல் பாலத்தின் மூலையில் சாய்த்து வைத்தால் ஆட்கள் தூரத்திலிருந்து வளர்ந்து வளர்ந்து வருவார்கள் என்று கண்டுபிடித்தாள். வெறும் பாலத்தில் தொடங்கி வெறும் பாலத்தில் முடித்தால் அவர்கள் நிதானமாகச் சாப்பிட்டார்கள். நடுவில் நிறுத்தினால் பாதிப்பேர் கை கழுவாமல் எழுந்து போனார்கள். ஒரு தோணி அடையும்போதெல்லாம் இதில் அவர் வந்துவிடட்டும் என்று அவள் மனசு சொல்லும். உடனேயே, இதில் வேண்டாம், அடுத்ததில் வரட்டும் என்றும் அதே மனசு சொல்லும். இரண்டையும் ஒரே கையால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எம்டன் கப்பல் சென்னப்பட்டணத்தில் குண்டு போட்ட வருஷம், கொழும்பிலிருந்த நம்மவர்கள் பயந்து கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். சண்டையால் சீமையிலிருந்து வெறும் சுருள் வருவது நின்றுபோயிற்று. சாலமோனிடம் கடைசியாக ஒரே ஒரு சுருள் இருந்தது. அதைத் தூத்துக்குடிக்கு என்று உலகம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஐப்பசி மழை விட்டிருந்தது. மேகத்துக்கு அடியிலிருந்து வெயில் பக்கவாட்டில் விழுந்து, பாலத்துப் பலகை ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. வெறும் பாலத்தில் தொடங்கினாள். தோணி அடைந்தது. ஆட்கள் வளர்ந்து வளர்ந்து வந்தார்கள். நடுவில், தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கக்கத்தில் குடையோடு, காதோரம் நரைத்துப்போய், தில்லைநாயகம் பிள்ளை வந்தார்.

அவள் பார்த்தாள். அவரும் பார்த்தார். கையை விட்டால் போதும். பத்தடி ஓடினால் போதும். கையை விட்டால் படம் அறுந்துபோகும். கையை விட்டால் அதற்குப் பிறகு கைப்பிடியே கிடையாது, அத்தைக்குக் கொடுத்த வாக்கு அப்படி. அவள் கை சுற்றிக்கொண்டே இருந்தது, வேகம் கூடவில்லை, குறையவில்லை. அவர் தலைச்சுமையை இறக்கிப் பாலத்தில் வைத்தார். ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் கால் அகட்டி நின்று, தோளிலிருந்து கையைச் சீராகச் சுற்றுகிற அந்த நிலை அவருக்குத் தெரியாததா. அடுப்பில் கை இருக்கும்போது காது கிடையாது. அதனால் அவர் கூப்பிடவில்லை. பதம் வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்த கூட்டம் இடித்தது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார், இன்னொரு தடவை பார்த்தார், ஓரத்தைத் தாண்டிப் போனார். பாலம் வெறுமையாகிற வரைக்கும் அவள் சுற்றினாள். பிறகுதான் ஓடினாள். சுங்கத்திலும் இல்லை, வண்டிப்பேட்டையிலும் இல்லை, ரயிலடியிலும் இல்லை.

ஞானசௌந்தரி மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தாள். “அக்கா, சுமையை இறக்கி வச்சிட்டு உங்களையே பாத்துக்கிட்டு நின்னாரே, அவருதான் உங்க வீட்டுக்காரரா?”

“ஆமா.”

“ஏன்க்கா கூப்பிடல?”

உலகம்மாள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “வெளிச்சம் நல்லா இருந்துது” என்றாள்.

ஊருக்கு வந்ததும் மாமியாரிடம் ஒளிக்கவில்லை. அவிய வந்தாவ, பாத்தேன், கூப்பிடல என்று நாலு சொல்லில் சொல்லிவிட்டாள். பிரம்மநாயகி உள்ளே போனாள். உளுந்தை ஊறப்போட்டாள். சுருளை அலசி உலர்த்தி, அந்தியில் துணி கட்டினார்கள். வெற்றிலைத் தட்டைப் பண்ணையாரிடமிருந்து பிரம்மநாயகியே வாங்கித் துணிக்கு நேராகப் பிடித்தாள். தில்லைநாயகம் பிள்ளை இறங்கி வந்தார், சாம்பல் நிறத்தில், ஈரமாக, குடையோடு. அம்மா கிண்டிய களியைச் சாப்பிட்டார். அவள் அவர் தலையைத் தடவினாள், கை நனைந்தது. எங்கேய்யா போனே என்று கேட்டாள். அவருக்குக் குரல் இல்லை. எழுந்து கை கழுவி, பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற உலகம்மாளைப் பாலத்தில் பார்த்த மாதிரியே பார்த்துவிட்டு, துணியில் ஏறி, ஓரத்தைத் தாண்டிப் போனார்.

உலகம்மாள் கைப்பிடியைக் கழற்றிக் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்தாள். சொன்னபடி வந்துவிட்டேன், அவர்தான் வந்தாயிற்றே என்றாள். பிரம்மநாயகி மகன் சாப்பிட்ட இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோணிக்காரர்கள் எல்லாரும் இலையை மடக்கியிருந்தார்கள். அவர் இலை மட்டும் மடக்காமல் விரிந்து கிடந்தது.

“மடக்காமப் போயிருக்கான். அப்பொ இன்னும் வேணும்னுல்லா அர்த்தம்.” கைப்பிடியை எடுத்து மருமகள் கையில் வைத்தாள். “வந்தான், சரி. போயிட்டாம்லா? போனவனைத் தேடுதது யாரு, நானா? மூதி, போய் மாட்டு.”

மகனைக் கூப்பிடாமல் விட்டவளை அவள் மன்னித்தாளா என்று ஊருக்குத் தெரியாது. அதன் பிறகு அவள் பானையில் சோறு மிச்சம் வைக்கவில்லை, பசு இளைத்தது. நிஜத்தில் அவர் எங்கே போனார் என்பதும் தெரியாது. செங்கோட்டை தாண்டிப் போகிற ரயிலில் கண்டதாக ஒருவர் சொன்னார். புனலூரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார், சொதி நன்றாக இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். உலகம்மாள் புனலூருக்குப் போய்ப் பார்த்தாள். கடை இருந்தது, பூட்டியிருந்தது. வெள்ளிதோறும் மருதங்கரையில் அந்தச் சுருளைச் சுற்றினாள். வெள்ளிதோறும் அவர் வந்து சாப்பிட்டு, இலையை மடக்காமல் போனார். ஆனால் சுருள் என்பது சுற்றச் சுற்றத் தேய்வது. படத்தில் கீறல் விழுந்து மழைக்கோடு மாதிரி ஓடும். அந்தக் கோடுகள் அவர் மேலும் விழுந்தன. இறங்கி வரும்போதே மழையில் நனைந்துகொண்டு வருகிறவர் மாதிரி வந்தார். வர வர வெளுத்துப்போனார்; அவரை ஊடுருவி மருதமரம் தெரிந்தது.

அப்போதுதான் சாலமோன் ஒரு தகவல் கொண்டுவந்தார். சென்னப்பட்டணத்தில் யாரோ ஒருவர் ஒரு முழுக் கதையையே படமாகப் பிடிக்கப்போகிறாராம், வேஷம் கட்டி, கொட்டகை போட்டு. பெட்டி அவர்களிடமே இருக்கிறது, சீரான கைதான் கிடைக்கவில்லையாம். உலகம்மாள் கேட்டுக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினாள். ஆனால் சோற்றை வடிக்க மறந்தாள், குடத்தை நிரம்ப நிரம்ப விட்டுவிட்டு நின்றாள். வந்தவர்களை வந்தபடி பிடிப்பது போய், வராதவர்களையும் வரவழைத்துப் பிடிக்கலாம் என்றால் சும்மாவா. போனால் எப்போது திரும்புவாள் என்று சொல்ல முடியாது. அந்தச் சுருளோ இன்னும் ஒரு தடவைக்குமேல் தாங்காது. “போறவ சாப்பிட்டுட்டுப் போ” என்றாள் பிரம்மநாயகி.

அந்த வெள்ளிக்கிழமை சொதி வைத்தார்கள். பந்தியின் கடைசியில் பிரம்மநாயகி ஒரு இலை அதிகமாகப் போட்டாள். உலகம்மாள் சுற்றினாள். தில்லைநாயகம் பிள்ளை கண்ணாடி மாதிரி இறங்கி வந்தார். தன் இலையில் உட்காரவில்லை. குடையை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு உருளிக்குப் போனார். சொதியைக் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கிளறினார். பிறகு கரண்டியோடு வந்து, கடைசி இலைக்குப் பக்கத்தில், பாலத்தில் நின்ற மாதிரியே நின்றார். பதம் வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.

சாலமோன் எழுந்து வந்து, “பைய விடுங்கக்கா, நான் பிடிச்சிக்கிடுதேன்” என்றார்.

உலகம்மாள் கையை விட்டாள். பாய்க்கு நடந்து போகும்வரை அவள் கை வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டே போயிற்று. இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் நின்றது. அவர் சோறு வைத்தார், சொதி ஊற்றினார், இஞ்சிப் பச்சடி வைத்தார். அவள் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டாள். மறுசோறு கேட்கவில்லை, அவராகவே வைத்தார், அதையும் சாப்பிட்டாள். இத்தனை வருஷம் ஊருக்கே சோறு போட்டவளுக்கு ஒருவர் உட்கார வைத்துப் பரிமாறியது அன்றைக்குத்தான். ஊர் தலையைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்தது. சாப்பிட்டு முடித்ததும் அவள் இலையை மடக்காமல் எழுந்தாள். அவர் அந்த இலையைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு துணியில் ஏறினார். ஓரம் வரைக்கும் போய், இந்தத் தடவை தாண்டாமல், இந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அதோடு சுருள் அறுந்தது.

உலகம்மாள் காலை ரயிலில் சென்னப்பட்டணம் போனாள். அவள் மடக்காமல் விட்ட இலையைப் பிரம்மநாயகி எடுக்கவில்லை. அது மறுநாளும் வாடவில்லை, மறு வருஷமும் வாடவில்லை. பசு மோந்து பார்த்துவிட்டு விலகிப் போயிற்று. மருதங்கரையில் இப்போதும் ஆற்றங்கரைப் பந்திக்குப் பாய் விரிக்கும்போது அந்த இலையைச் சுற்றி வளைத்துத்தான் விரிக்கிறார்கள். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கிற நாளில் அதன்மேல் நாலு சொட்டுத் தெளித்துவிட்டு, மற்ற வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.

சரி மக்களே, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவர் யாரும் பசியோடு திரும்பாதிருக்கட்டும். ஆக்குகிறவளுக்கும் ஒரு இலை விழட்டும். தூரம் போன உங்கள் பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்க்கட்டும், பார்த்துவிட்டு உங்கள் கண்ணிலும் படட்டும். உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், உங்கள் ஆற்றில் தண்ணீர் ஓடட்டும். பிள்ளை தூங்கிவிட்டான், தலையைத் தாங்கித் தூக்கு அம்மா. நன்றாக இருங்கள் எல்லாரும்.